ஸ்காட்லாந்தில் ஒரு மசோதா: பார்லிமெண்டுக் கமிட்டிகள் கேட்ட கேள்விகள்

நம் ஊர்களில் பொதுக் கிணறு ஒன்று வெட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தால், உடனே எவரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவதில்லை. ஊற்று எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை அடியில் பாறை தட்டும், செலவு யாருடையது, பிற்காலத்தில் தூர் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று பெரியவர்கள் கேட்பார்கள். இவ்வாறு கேட்பவர்களைக் கிணறு வேண்டாதவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. தண்ணீர் வேண்டும் என்ற அக்கறையினாலேயே அவர்கள் கேட்கிறார்கள்.

சட்டம் செய்வதும் இத்தகைய காரியமே. நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. செலவு, அதிகாரம், பொறுப்பு ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தாலன்றி நல்ல நோக்கம் மக்களிடம் போய்ச் சேருவதில்லை. இவ்வுண்மையை விளக்கும் ஓர் அண்மைக்கால நிகழ்ச்சியை இங்கே எடுத்துக்கொள்வோம். அது நடந்தது ஸ்காட்லாந்து நாட்டில். முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கும் முறையை அடியோடு மாற்றுவதற்காக அந்நாட்டுச் சர்க்கார் 2022-இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025-இல், அது சட்டமாயிற்று. ஆனால் பார்லிமெண்டிற்குள் நுழைந்தபோது இருந்த உருவம் வேறு. வெளிவந்தபோது இருந்த உருவம் வேறு. இடையில் பார்லிமெண்டுக் கமிட்டிகள் கேட்ட கேள்விகள் அம்மாறுதலுக்கு ஒரு முக்கிய காரணமாயின. ஸ்தல ஸ்தாபனங்களின் அதிகாரத்தைப் பற்றிய விவகாரம் அது. ஆகையால் நம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதை அறிந்திருப்பது நலம்.

பராமரிப்பு யாருடைய பொறுப்பு?

ஸ்காட்லாந்து, பிரிட்டனின் வடபகுதியில் உள்ள நாடு. அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். ஐக்கிய இராஜ்யத்தின் ஒரு பகுதியாக இருப்பினும், 1999 முதல் அதற்கென்று தனிப் பார்லிமெண்டு உண்டு. எடின்பரோ நகரில் கூடும் அப்பார்லிமெண்டில் 129 அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். சுகாதாரம், கல்வி, ஸ்தல நிர்வாகம் முதலிய துறைகளில் சட்டம் இயற்றும் உரிமை அதற்கு உண்டு.

அந்நாட்டில் நோய்க்கு வைத்தியம் செய்வது ஒரு துறை. இயலாதவரைப் பராமரிப்பது மற்றொரு துறை. வைத்தியத்தை 1948-இல் தொடங்கப்பட்ட தேசியச் சுகாதாரப் பணித்துறை செய்கிறது. பராமரிப்போ 32 ஸ்தல கவுன்சில்களின் பொறுப்பு. தாமே குளிக்கவும் உடுத்தவும் இயலாத முதியவர் ஒருவர் இருந்தால், கவுன்சிலின் ஊழியர் வந்து அவருடைய தேவையை மதிப்பிடுவார். அதன்பின் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டவும், உணவு கொடுக்கவும், இரவில் படுக்கவைக்கவும் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வந்து போவார். வீட்டில் இருக்கவே இயலாதவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்படுவார். 65 வயது நிறைந்தவர்களுக்கு இத்தகைய உடல் பராமரிப்பு 2002 ஜூலை முதல் இலவசமாக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் அவ்வயதுக்குக் குறைந்த, தேவையுள்ள பெரியவர்களுக்கும் அது கிடைக்கிறது. ஆயினும், இல்லத்தில் தங்குவதற்கும் உணவுக்கும் ஆகும் செலவை வசதியுள்ளவர்கள் தாமே ஏற்கவேண்டும்.

இந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. ஒரு கவுன்சில் எல்லையில் கிடைக்கும் உதவி அடுத்த எல்லையில் கிடைப்பதில்லை என்று மக்கள் முறையிட்டனர். நிலைமை மிகவும் முற்றிய பிறகே உதவி வருகிறது என்றனர். பணியாளரின் ஊதியம் குறைவு. ஆகையால் வேலைக்கு வந்தவர்களும் நிலைத்திருப்பதில்லை. வைத்தியம் முடிந்த பின்னும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகாத காரணத்தால் முதியோர் பலர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே தங்கிவிட நேர்ந்தது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியோர் ஏராளமாக மாண்டனர். நாடே அதைக் கண்டு கலங்கியது.

அவ்வாண்டு செப்டம்பரில் டெரிக் ஃபீலி என்பவரின் தலைமையில் ஒரு சுயேச்சையான ஆய்வை அந்நாட்டுச் சர்க்கார் ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் அறிக்கை வெளியாயிற்று. பராமரிப்பைச் சுமையாகக் கருதாமல் சமுதாயத்தின் முதலீடாகக் கருதவேண்டும். அதை மனித உரிமையின் அடிப்படையில் அமைக்கவேண்டும். வைத்தியத்திற்கு மந்திரிகள் பொறுப்பேற்பது போலப் பராமரிப்பிற்கும் அவர்களே நேராகப் பொறுப்பேற்கவேண்டும் என்பன அதன் முக்கியமான யோசனைகள்.

மசோதா சொன்னது

2022 ஜூன் 20 அன்று தேசியப் பராமரிப்புச் சேவை மசோதா பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. கவுன்சில்களிடம் உள்ள பராமரிப்புப் பொறுப்புகளை மந்திரிகளுக்கு மாற்றுவதற்கு அது வழி செய்தது. கவுன்சில்களும் சுகாதார வாரியங்களும் அதுவரை சேர்ந்து நடத்திய கூட்டு அமைப்புகளுக்குப் பதிலாகப் புதிய பராமரிப்பு வாரியங்கள் வரும். அவ்வாரியங்களின் அங்கத்தினர்களை மந்திரிகள் நியமிப்பார்கள். ஊழியர்களையும் சொத்துக்களையும் கவுன்சில்களிடமிருந்து மாற்றிக்கொள்ளும் அதிகாரமும் மந்திரிகளுக்கு உண்டு.

இவையன்றி வேறு சில நல்ல அம்சங்களும் அம்மசோதாவில் இருந்தன. பராமரிப்பு இல்லத்தில் இருப்பவரை உறவினர் வந்து காணும் உரிமை அவற்றுள் ஒன்று. வீட்டிலேயே தாயையோ கணவனையோ பிள்ளையையோ சம்பளமின்றிப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓய்வு பெறும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் மீண்டும் அவற்றிற்கு வருவோம்.

தேசியச் சுகாதாரப் பணித்துறை ஏற்பட்டதற்குப் பின் பொதுச் சேவையில் செய்யப்படும் மிகப் பெரிய சீர்திருத்தம் இதுவே என்று சர்க்கார் பெருமிதத்தோடு கூறிற்று.

கமிட்டிகளின் வேலை

ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டில் நமது இராஜ்ய சபையைப் போன்ற மேல்சபை கிடையாது. ஒரு சபை செய்த தவற்றை மற்றொரு சபை திருத்தும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. ஆகையால் திருத்தும் வேலையில் பெரும்பங்கு கமிட்டிகளைச் சார்ந்தது. மசோதா மூன்று கட்டங்களைக் கடக்கவேண்டும். முதற் கட்டத்தில் அதன் அடிப்படை நோக்கம் ஏற்கத்தக்கதா என்று பொறுப்புள்ள கமிட்டி ஆராய்ந்து சபைக்கு அறிக்கை தரும். இரண்டாம் கட்டத்தில் ஷரத்து ஷரத்தாகத் திருத்தங்கள் நடைபெறும். மூன்றாம் கட்டத்தில் முழுச் சபையும் கூடி முடிவு செய்யும்.

முதற் கட்டத்தில் கமிட்டி வெறுமனே காகிதங்களைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. பொதுமக்களிடமிருந்து எழுத்து மூலம் கருத்துக்களைக் கேட்கிறது. கவுன்சில்களின் பிரதிநிதிகள், தொழிற்சங்கத்தார், இல்லம் நடத்துவோர், பராமரிப்புப் பெறுவோர் ஆகியோரை அழைத்துச் சாட்சியம் வாங்குகிறது. இறுதியில் மந்திரியையே அழைத்துக் கேள்வி கேட்கிறது. இவையெல்லாம் பகிரங்கமாக நடப்பவை. யார் வேண்டுமாயினும் கேட்கலாம்.

இம்மசோதாவிற்குச் சுகாதாரம், சமூகப் பராமரிப்பு, விளையாட்டுத் துறைகளுக்கான கமிட்டி தலைமை ஏற்றது. செலவை நிதிக் கமிட்டி ஆராய்ந்தது. மந்திரிகளுக்கு ஒப்படைக்கப்படும் அதிகாரங்களை ஆராய்வதற்கென்றே மற்றொரு கமிட்டி உண்டு. அதுவும் தன் பங்கைச் செய்தது. ஸ்தல நிர்வாகம், கல்வி முதலிய துறைகளுக்கான கமிட்டிகளும் தத்தம் பகுதியைப் பார்த்தன. இவை அனைத்தின் ஆராய்ச்சியையும் தொகுத்து நோக்கினால், கேள்விகள் மூன்றாக அடங்கும்.

முதற் கேள்வி: செலவு எவ்வளவு?

ஒவ்வொரு மசோதாவோடும் நிதி விளக்கக் குறிப்பு ஒன்றைச் சர்க்கார் வைக்கவேண்டும் என்பது அப்பார்லிமெண்டின் விதி. இம்மசோதாவிற்கு ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சம் ஏறத்தாழ 126 கோடி பவுன் செலவாகலாம் என்று குறிப்புச் சொல்லிற்று. குறைந்தபட்ச மதிப்பீடோ அதில் ஏறத்தாழப் பாதி. ஒரு வீடு கட்டும் மேஸ்திரி, செலவு ஐந்து இலட்சம் ஆகலாம், பத்து இலட்சமும் ஆகலாம் என்று சொன்னால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? எதனால் இந்த வித்தியாசம் என்று கேட்பார். நிதிக் கமிட்டியும் அவ்வாறே கேட்டது.

மேலும் ஆராய்ந்தபோது, பல இனங்கள் குறிப்பில் சேர்க்கப்படவே இல்லை என்பது தெரியவந்தது. ஊழியர்கள் புதிய வாரியங்களுக்கு மாறினால் அவர்களுடைய ஓய்வூதியப் பொறுப்பு என்னாகும்? கவுன்சில்கள் தாம் செலுத்தும் மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறும் சலுகை உடையவை. புதிய வாரியங்களுக்கு அச்சலுகை கிடைக்குமா? கட்டிடங்களும் இதர சொத்துக்களும் கைமாறுவதற்கு என்ன செலவு? நோயாளியின் விவரங்களை வைத்தியரும் பராமரிப்பாளரும் ஒருங்கே பார்ப்பதற்கான மின்னணுப் பதிவேட்டிற்கு என்ன செலவு? இவற்றிற்குக் குறிப்பில் விடை இல்லை. பொதுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பும், செலவு எவ்வளவு கூடக் குறைய ஆகலாம் என்ற ஐயப்பாடு குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்று எச்சரித்தது.

2022 டிசம்பரில் நிதிக் கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டது. குறிப்பில் உள்ள இடைவெளிகளைச் சுட்டிக்காட்டி, திருத்திய குறிப்பை முதலில் கொண்டுவரும்படி கேட்டது. செலவுக்குப் பயந்து பராமரிப்பை மறுக்கவேண்டும் என்று கமிட்டி கூறவில்லை. எவ்வளவு என்று தெரியாமல் எவ்வாறு கையொப்பமிடுவது என்பதே அதன் வாதம். சர்க்காரும் பின்னர்த் திட்டத்தை மாற்றி, 2023 டிசம்பரில் புதிய மதிப்பீட்டைச் சமர்ப்பித்தது.

இரண்டாம் கேள்வி: சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இம்மசோதா ஒரு சட்டகம் போன்றது. எத்தனை வாரியங்கள், அவற்றின் எல்லை எது, எந்தப் பணிகள் மாற்றப்படும், எந்த ஊழியர்கள் மாறுவார்கள் என்ற விவரங்கள் அதில் இல்லை. அவற்றைப் பின்னர் மந்திரிகள் விதிகளின் மூலம் ஏற்படுத்துவார்கள் என்று விடப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கான சமூகப் பணியும், குற்றவாளிகளைச் சீர்திருத்தும் சமூகப் பணியும் இதில் சேருமா என்பதும் முடிவாகவில்லை.

இதற்குச் சர்க்கார் சொன்ன காரணம் தள்ளத்தக்கதன்று. பராமரிப்புப் பெறுவோரையும் பணியாளரையும் உடன் வைத்துக்கொண்டு விவரங்களை அமைக்கவேண்டும். அதற்கு முன்பே சட்டத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அவர்களைக் கலந்துகொள்வது வெறும் சடங்காகிவிடும் என்று சர்க்கார் வாதித்தது. மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் பல இம்முறையை வரவேற்றன. வாழ்நாள் முழுவதும் பிறர் போட்ட திட்டத்தின்கீழ் வாழ்ந்தவர்களுக்குத் திட்டம் போடுமிடத்தில் இடம் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் கமிட்டிகள் மற்றொரு பக்கத்தைக் காட்டின. மசோதாவைப் பார்லிமெண்டு ஷரத்து ஷரத்தாகத் திருத்தலாம். மந்திரிகள் கொண்டுவரும் விதிகளையோ ஏற்கலாம் அல்லது மறுக்கலாமேயன்றித் திருத்துவதற்கு வழியில்லை. முக்கியமானவை அனைத்தும் விதிகளுக்குப் போய்விட்டால், பார்லிமெண்டு வெற்றுத் தாளில் கையொப்பமிட்டது போலாகும். ஒப்படைக்கப்படும் அதிகாரங்களை ஆராயும் கமிட்டி, இப்போதுள்ள உருவத்தில் இம்மசோதா மேலே செல்லக்கூடாது என்றே 2022-இல் கருத்துத் தெரிவித்தது. இன்றைய மந்திரி நல்லவராக இருக்கலாம். ஆயினும் சட்டம் நாளைய மந்திரியின் கையிலும் இருக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்றாம் கேள்வி: பொறுப்பு யாருடையது?

இக்கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. மசோதாவின்படி ஏறத்தாழ 75,000 கவுன்சில் ஊழியர்கள் மாற்றப்படக்கூடும் என்று கவுன்சில்களும் தொழிற்சங்கங்களும் கூறின. ஸ்தல ஸ்தாபனங்களின் கூட்டமைப்பான கோஸ்லா மசோதாவைக் கடுமையாக எதிர்த்தது. முதியவர் ஒருவருக்கு வேண்டியது குளிப்பாட்டும் ஆள் மட்டுமன்று. வழுக்காத படியும், ஏறி இறங்கத்தக்க வீடும், அருகில் நிற்கும் பஸ்ஸும் வேண்டும். வீடும் சாலையும் கவுன்சிலிடம் இருக்க, பராமரிப்பு மட்டும் தலைநகருக்குப் போனால் இவற்றை ஒன்றுசேர்ப்பவர் யார் என்று கேட்டனர். வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் உள்ளவர்களின் தேவை வேறு. கிளாஸ்கோ போன்ற பெருநகரத்தில் உள்ளவர்களின் தேவை வேறு. ஒரே அளவில் தைத்த சட்டை எல்லோருக்கும் பொருந்துமா என்ற ஐயமும் எழுந்தது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நாம் நேர்மையுடன் கேட்கவேண்டும். ஸ்தல ஸ்தாபனம் மக்களுக்கு அருகில் இருப்பது உண்மையே. ஆனால் அருகில் இருப்பவர் உதவாதபோது யாரிடம் போய் முறையிடுவது? கவுன்சிலைக் கேட்டால் சர்க்கார் பணம் தரவில்லை என்கிறது. சர்க்காரைக் கேட்டால் அது கவுன்சிலின் வேலை என்கிறது. இருவருக்கும் நடுவில் நின்று களைத்துப்போனவர்களே, பொறுப்பை ஒருவர் தலையில் வையுங்கள் என்று கேட்டனர். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் உண்டு. பஞ்சாயத்து அலுவலகத்திற்கும் யூனியன் அலுவலகத்திற்குமாக நடந்து செருப்புத் தேய்ந்த எவரும் இதை உடனே உணர்வர்.

ஸ்தல ஸ்தாபனத்தாராகிய நாம் கோஸ்லாவின் பக்கம் சாய்வது இயற்கை. ஆயினும் அதிகாரம் நம்மிடமே இருக்கவேண்டும் என்று கேட்பவர், அந்த அதிகாரத்தால் ஆகவேண்டிய வேலை ஆயிற்றா என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

மூன்று ஆண்டுகளின் முடிவு

கேள்விகள் பெருகப் பெருக முதற் கட்டத்திற்கு வைக்கப்பட்ட தவணை பலமுறை தள்ளிப்போயிற்று. 2023 ஜூலையில் சர்க்காரும் கவுன்சில்களும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. சட்டப் பொறுப்பை மந்திரிகள், கவுன்சில்கள், சுகாதார வாரியங்கள் ஆகிய மூவரும் பகிர்ந்துகொள்வது என்றும், ஊழியர்கள் கவுன்சில்களிலேயே இருப்பது என்றும் அதில் முடிவாயிற்று. 2024 பிப்ரவரியில் தலைமைக் கமிட்டியின் பெரும்பான்மையோர், திருத்தங்கள் வேண்டும் என்ற குறிப்போடு, மசோதாவின் அடிப்படை நோக்கத்தை ஏற்கலாம் என்றனர். அம்மாதம் 29-ஆம் நாள் சபை அதை ஏற்றது.

ஆனால் திருத்தங்களின் வாசகம் வெளிவந்ததும் மறுபடியும் கருத்து வேற்றுமை தோன்றியது. 2024-இன் பிற்பகுதியில் கோஸ்லா தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. தொழிற்சங்கங்களும் விலகின. சபையில் பெரும்பான்மை கிடைக்கும் என்ற நம்பிக்கை போயிற்று. 2025 ஜனவரியில் தேசியப் பராமரிப்புச் சேவையை ஏற்படுத்தும் பகுதியையே கைவிடுவதாகச் சர்க்கார் அறிவித்தது. அதற்குள் ஏறத்தாழ 3 கோடி பவுன் செலவாகியிருந்தது.

எஞ்சிய பகுதிகளைக் கமிட்டி ஆராய்ந்து திருத்தியது. மசோதாவின் பெயரும் மாறியது. 2025 ஜூன் 10 அன்று சபை அதை நிறைவேற்றியது. ஜூலையில் அரசரின் ஒப்புதல் பெற்று, ஸ்காட்லாந்துப் பராமரிப்புச் சீர்திருத்தச் சட்டம் என்ற பெயரில் அது சட்டமாயிற்று.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இரண்டிலும் உண்மை உண்டு. கணக்குத் தெரியாத ஒரு பெருந்திட்டம் அவசரத்தில் நிறைவேறாமல் தடுக்கப்பட்டது நன்மை. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் உதவிக்குக் காத்திருந்த முதியவர் பலர் காத்துக்கொண்டே இருந்தனர். முதியோருக்கு மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம். கேள்விகளை மசோதா எழுதுவதற்கு முன்பே கேட்டிருந்தால் இந்தக் காலமும் பணமும் மிஞ்சியிருக்கும். கிணறு வெட்டுவதற்குமுன் கேட்கவேண்டியதை, பாதி வெட்டிய பின் கேட்க நேர்ந்ததே இதில் உள்ள துயரம்.

ஒரு மகளின் மனு

இச்சட்டத்தில் எஞ்சி நின்ற நல்ல அம்சங்களுள் ஒன்றை அந்நாட்டார் ஆன் சட்டம் என்று அழைக்கிறார்கள். அதன் வரலாறு நம் நெஞ்சைத் தொடுவது.

2020-இல் நோய்த் தொற்றுக்கு அஞ்சிப் பராமரிப்பு இல்லங்களின் கதவுகள் சாத்தப்பட்டன. உள்ளே இருந்தவர்களைப் பிள்ளைகளும் காண இயலவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினர். நினைவு மங்கும் நோயால் பாதிக்கப்பட்டு இல்லத்தில் இருந்த ஆன் என்ற தாயின் மகள், அவ்வாண்டிலேயே பார்லிமெண்டிற்கு ஒரு மனு அனுப்பினார். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவராவது வந்து பார்க்க உரிமை வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். அந்நாட்டில் பொதுமனுக்களை ஆராய்வதற்கென்றே பார்லிமெண்டில் ஒரு கமிட்டி உண்டு. சாதாரணக் குடிமகன் ஒருவரின் மனுவையும் அது எடுத்துக்கொள்ளும்.

அந்த மனுவில் இருந்த கோரிக்கை மசோதாவில் இடம்பெற்றது. மசோதாவின் பெரும்பகுதி விழுந்தபோதும் அது விழவில்லை. இல்லத்தில் இருப்பவரைக் காண வருவோருக்கு வசதி செய்து கொடுப்பது இல்லம் நடத்துவோரின் கடமை என்றும், இன்றியமையாத துணைவராக ஒருவரைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. அதனுடன், வீட்டில் சம்பளமின்றிப் பராமரிப்போருக்குப் போதிய ஓய்வு கிடைக்கக் கவுன்சில்கள் உதவவேண்டும் என்ற ஷரத்தும் நிலைத்தது.

கமிட்டிகளில் இவ்விரண்டு அம்சங்களின் நோக்கத்திற்குப் பரவலான ஆதரவு இருந்தது. யாருக்கு, என்ன உரிமை, அதை நிறைவேற்றுவது யார் கடமை என்பது அவற்றில் தெளிவாகச் சொல்லக்கூடியதாக இருந்தது. ஆகையால் அவை பிழைத்தன.

நம் நாட்டு நிலை

நமது பார்லிமெண்டிலும் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993 முதல் இயங்கிவருகின்றன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதைத் திருத்துவதற்காக 2019 டிசம்பரில் மக்கள் சபையில் ஒரு மசோதா வைக்கப்பட்டது. மருமகனையும் மருமகளையும் பராமரிக்கும் பொறுப்பில் சேர்ப்பது, மாதப் பராமரிப்புத் தொகைக்கு உள்ள உச்ச வரம்பை நீக்குவது முதலியன அதன் நோக்கங்கள். அம்மாதமே அது சமூகநீதித் துறைக்கான நிலைக்குழுவிற்கு அனுப்பப்பட்டது. 2021 ஜனவரியில் குழு அறிக்கை தந்தது. ஆயினும் மசோதா நிறைவேறவில்லை. 2024-இல் மக்கள் சபை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று.

ஆகவே 2007-ஆம் ஆண்டின் சட்டமே இன்றும் நமக்கு ஆதாரம். தம்மைத் தாமே காத்துக்கொள்ள வழியில்லாத பெற்றோரும், 60 வயது நிறைந்தோரும் அதன்கீழ் விண்ணப்பம் செய்யலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையை அது பிள்ளைகளிடமிருந்து பெற்றுத்தர இயலும். எதிர்த்தரப்பாருக்கு நோட்டீசு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பத்தை முடிக்கவேண்டும் என்பது விதி; விசேஷ காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். விண்ணப்பிக்க இயலாதவருக்காக அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊரில் கைவிடப்பட்ட முதியவர் இருந்தால், இச்செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்வது பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடிய பெரும் உதவியாகும்.

பஞ்சாயத்திற்கு ஒரு பாடம்

எடின்பரோவில் பார்லிமெண்டு செய்த வேலையைச் சிறிய அளவில் நமது கிராம சபையும் செய்யலாம். ஒரு திட்டம் வாசிக்கப்படும்போது கையைத் தூக்கிவிட்டு எழுந்து போவது எளிது. அங்கன்வாடிக் கட்டிடமாயினும் குடிநீர்த் தொட்டியாயினும், மூன்று கேள்விகளை நாம் அமைதியாகக் கேட்கலாம். மொத்தச் செலவு என்ன, அதில் விட்டுப்போன இனம் எது? தீர்மானத்தில் எழுதியிருப்பது என்ன, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என்ன? வேலை நடக்காவிட்டால் யாரைக் கேட்பது?

இக்கேள்விகளைக் கேட்பவரைத் தலைவர் குற்றம் சொல்லுகிறவராக எண்ணவேண்டியதில்லை. கேட்பவரும் குறை காண்பதே தொழில் என்று இருத்தலாகாது. விடை கிடைத்ததும் வேலைக்குத் தோள் கொடுக்கவேண்டும். கேள்வி காலத்தில் கேட்கப்படவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஏனெனில் திண்ணையில் அமர்ந்து உதவியை எதிர்நோக்கியிருக்கும் முதியவருக்கு நமது விவாதம் தெரியாது. அவர் பார்ப்பது யாராவது வருகிறார்களா என்பதை மட்டுமே. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அத்தகைய ஒருவரையேனும் மனத்தில் கொண்டு நாம் செல்வோமாக.